அத்தையின் மாத்திரையும் என் வகிடும்

என் முடி கொட்டுகிறது என்பதை எனக்கு முதலில் அறிவித்தவள் ஒன்றாம் வகுப்பு மாணவி. மலேசியாவில், லாபுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் அப்போது ஆசிரியை. தொண்ணூறுகள் தொடங்கிய நேரம், எனக்கு முப்பத்திரண்டு வயது. குனிந்து அவள் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது, "டீச்சர், உங்க தலையில ரோடு தெரியுது" என்றாள். அன்று அவள் எழுத்தில் ஆறு பிழை இருந்தது. கண்பார்வையில் ஒரு பிழையும் இல்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு கண்ணாடிகளை முன்னும் பின்னும் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது ரோடுதான். நெற்றியில் தொடங்கி உச்சியில் அகலமாகி, இருபுறமும் சின்னச் சின்ன சந்துகள் பிரிந்து போயின. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த நாளில் என் மாமியார் என் பின்னலைப் பிடித்து இரண்டு முறை இழுத்துப் பார்த்தவர். சவுரி வைத்து ஏமாற்றிவிடக் கூடாதே என்ற ஜாக்கிரதை. அந்தப் பின்னல் அப்போது இடுப்பைத் தொட்டது. இப்போது அதே நீளத்துக்கு இருந்தாலும் எலிவால் பருமனில் தொங்கியது. இழுத்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வராது.

என் கணவரிடம் சொன்னேன். அவர் தோட்டத்தின் லாரி டிரைவர். ரப்பர் பாலைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய் வருவார். தலையில் எண்ணெய் வைக்கிற வழக்கமே இல்லாத மனிதர். எஞ்சினுக்குக் கீழே படுத்து எழும்போது ஒட்டிக்கொள்கிற கிரீஸ்தான் அவர் தலைக்குப் போன ஒரே தைலம். அந்தத் தலையில் சீப்பு உள்ளே போனால் வெளியே வர வழி தேடும். அவர் என் வகிட்டைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே என்றார். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. பத்து வருஷமாக என்னை அவர் எவ்வளவு கவனமாகப் பார்த்து வந்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெளிவானது.

தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு நோய் வந்தால் மருந்தைத் தேடி அவள் போகவேண்டியதில்லை. அது அவள் வாசலுக்கு வரும். ரப்பர் மரத்தில் பால்வெட்டு முடிந்து போகிற பெண்கள் ஒவ்வொருவராக நின்று என் தலையைப் பார்த்தார்கள். ஒருத்தி சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்க்கச் சொன்னாள். ஒரு மாதம் தேய்த்தேன். முடி வளரவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் பின்வரிசைக்கு இடம் கேட்டார்கள். இன்னொருத்தி எலுமிச்சை விதையும் மிளகும் சேர்த்து அரைக்கச் சொன்னாள். அது உச்சந்தலையை அடுப்பில் வைத்தது போல எரித்தது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம் என்றாள் அவள். சிரம்பான் டவுன் பசாரில் ஒரு எண்ணெய் விற்றார்கள். புட்டியின் மேல், கால்வரை கூந்தலை விரித்துப் போட்டபடி ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்கு புட்டி காலி செய்தேன். அவளுக்கு மட்டும் அப்படியே இருந்தது.

என் மாமியார் எங்களோடுதான் இருந்தார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். வயது அறுபத்தொன்று, கணவரை இழந்தவர், முப்பது வருஷம் பால் வெட்டியவர். முருகனுக்கு மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பது அவர் யோசனை. முளைக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அதற்குப் பிறகு சீவ வேண்டிய வேலை இருக்காதே என்றார். அவரோடு பேசுவதில் இது ஒரு வசதி. எந்தக் கேள்விக்கும் பதில் இருக்கும்.

அத்தைக்கு ரத்த அழுத்தம். எந்த மாத்திரைக்கும் அடங்காத ரத்த அழுத்தம். பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்று மாற்றி ஒன்று கொடுத்துப் பார்த்து, கடைசியில் மற்றவற்றோடு புதிதாக ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைச் சேர்த்தார்கள். அழுத்தம் இறங்கியது. எல்லாரும் நிம்மதியானோம். மூன்றாவது மாதம் அத்தை முகம் கழுவிவிட்டு வெளிச்சத்தில் துடைத்தபோது, அவர் கன்னத்தில் ஏதோ நிழல் போலத் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். முடி. காதோரத்திலிருந்து தாடை வரை பூனை மயிராக இறங்கியிருந்தது. புருவம் இரண்டும் நடுவில் கைகோக்கப் பார்த்தன. நெற்றியில் முடி கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது. முன்னங்கையில், நாற்பது வயது ஆம்பளைக்கு இருப்பது போல.

அத்தை இதை ஏற்கனவே கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் கன்னத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு திரிந்திருக்கிறார். மஞ்சள் தோற்றுப்போனதும் மகனின் சவர பிளேடை எடுத்திருக்கிறார். தன் பிளேடு ஏன் இரண்டே நாளில் மழுங்குகிறது என்று என் கணவர் ஒரு மாதமாகக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போனேன். அங்கிருந்த டாக்டர் அத்தையின் கன்னத்தைப் பார்த்ததும் தலையாட்டினார். அந்த வெள்ளை மாத்திரையின் குணமே அதுதான், பலருக்கும் இப்படி முளைக்கும், அழுத்தத்தை வேறு எதுவும் அடக்கவில்லை என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், பிறகு மாற்றிப் பார்க்கலாம் என்று மலாய் மொழியில் விளக்கினார். நான் அத்தைக்குத் தமிழில் சொன்னேன். சொல்லிக்கொண்டே என் கை என் வகிட்டுக்குப் போனது எனக்கே தெரியாது.

பஸ்ஸில் வரும்போது கடவுளின் நிர்வாகத்தைப் பற்றி யோசித்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் வந்து சேர்வது போலத்தான் அதுவும் நடக்கிறது. ஆறாம் வகுப்புக்குக் கேட்டால் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புவார்கள். என் வீட்டு முகவரிக்குச் சரியாகத்தான் முடியை அனுப்பியிருக்கிறார். ஆள்தான் மாறிவிட்டது.

அந்த வாரமே திருட ஆரம்பித்தேன். இதை எழுதுவதற்கு இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அடுத்தவர் பென்சிலை எடுக்கக் கூடாது என்று பாடம் நடத்திவிட்டு, மறுநாள் காலையில் அத்தை பின்கட்டில் துணி துவைக்கும்போது அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. படித்தவள் அல்லவா, எனக்கே தெரியும். உள்ளே போய் முடி முளைக்கச் செய்கிற மாத்திரை ஊரில் இருக்கும்போது வெங்காயத்தை அரைத்துக்கொண்டிருக்க நான் என்ன முட்டாளா?

இரண்டாம் நாள் நெஞ்சு படபடத்தது. மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். நான்காம் நாள் செருப்பின் வார் காலில் அழுந்தியது. கணுக்கால் வீங்கியிருந்தது. படுக்கையிலிருந்து எழுந்தால் வீடு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தினமும் வகிட்டைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. ஏழாம் நாள் திங்கட்கிழமை. பள்ளி மைதானத்தில் சபை கூடி, தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்தோம். எல்லாரும் அசையாமல் நிற்கவேண்டிய நேரம். நான் மட்டும் அசைந்தேன். அப்படியே முகம் குப்புற விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். கீதம் முடிகிற வரை யாரும் என்னைத் தூக்கவில்லையாம். எங்கள் தலைமையாசிரியரின் நாட்டுப்பற்று அப்படி.

தோட்டத்து மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. டாக்டர் மாதம் ஒரு முறை வந்து போவார், மற்ற நாளெல்லாம் எங்களுக்கு டிரஸ்ஸர்தான் டாக்டர். அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. காதுக்கு மேலே இரண்டு வெள்ளைக் கொத்து மட்டும் இருந்தது, அதைத் தினமும் தண்ணீர் தொட்டுப் படிய வாரிக்கொண்டு வருவார். அவர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். கணுக்காலை விரலால் அழுத்தினார், குழி விழுந்தது. என்னைத் தூக்கி வந்த ஆசிரியைகள் இருவரும் வாசலில் நின்றபடியே, ஏற்கனவே இரண்டு பெற்ற எனக்கு இது மூன்றாவது பிள்ளை என்று முடிவு கட்டிவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தச் செய்தி தொழிற்சாலை வரை போய், என் கணவரின் கையைப் பிடித்து இரண்டு பேர் வாழ்த்தியும் விட்டார்கள்.

டிரஸ்ஸர் அவர்களை அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாத்திரையை அவர் குளிசை என்பார்.

"என்ன குளிசை எடுத்தனீர்? உண்மையைச் சொல்லும்."

சொன்னேன். பிரஷர் மாத்திரை என்று தெரிந்தும் ஏன் எடுத்தேன் என்று கேட்டார். முடிக்காக என்றேன். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, அழுத்தம் இருக்கிறவர்களுக்கு அதைக் குறைக்கிற மருந்து, இல்லாதவளுக்கு எதைக் குறைக்கும் என்று யோசித்தேனா என்று கேட்டார். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் மைதானத்தில் விழுந்தது போல் லாரிக்கு முன்னால் விழுந்திருக்கலாம் என்றார். இதயத்தைச் சுற்றி நீர் சேரக்கூடிய மருந்து, டாக்டர் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறது, வீட்டில் பிஸ்கட் போல எடுத்துத் தின்கிறதல்ல என்று அரைமணி நேரம் திட்டினார். பள்ளிக்கூடத்தில் நான் இருபது பிள்ளைகளுக்குக் கொடுக்கிற திட்டை ஒரே ஆளாக வாங்கிக்கொண்டேன்.

திட்டி முடித்து எழுந்தவர் கதவு வரை போனார், அதைச் சாத்தினார், திரும்பி வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"முளைச்சதோ?"

இல்லை என்றேன். அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமா நிம்மதியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்த மருந்தையே தலையில் பூசுகிற தண்ணி மருந்தாகச் செய்திருக்கிறார்களாம், தெமியாங்கில் ஒரு தோல் டாக்டர் எழுதிக் கொடுக்கிறாராம் என்று சொன்னார். அவருக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

நான் கிளம்பும்போது அவர் சாதாரணமாக ஒன்று கேட்டார். ஏழு குளிசை நீர் எடுத்தால் மாமியாருக்கு ஏழு குறையுமே, அவ என்ன செய்யிறா?

அது வரை அந்தக் கணக்கை நான் போடவே இல்லை. ஏழு வரை எண்ணத் தெரியாத ஆசிரியை.

வீட்டுக்கு ஓடினேன். அத்தை அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். மாத்திரை தீரப்போவதைப் பார்த்து நேற்று முன்தினத்திலிருந்தே போடாமல் மிச்சம் பிடித்தாராம், இன்று பார்த்தால் அதுவும் இல்லையாம். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரத்துக்குத்தான் கொடுத்திருந்தார்களாம், அடுத்த தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதாம். தான்தான் மறந்துபோய் ஒரே நாளில் இரண்டு முறை போட்டிருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார். புத்தி தடுமாறுகிறது என்று மகனுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவான் என்று சொல்லாமல் இருந்திருக்கிறார். பிடரி வெடிப்பது போல வலிக்கிறது என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எடுத்தது நான், முடிக்காக எடுத்தேன் என்று. அத்தை என்னையே பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "லாரி எப்ப வரும்னு பாரு" என்று மட்டும் சொன்னார்.

லாரி வந்தது. சாயங்காலமே என் கணவர் எங்களை ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்குப் போனார். வழியில் அவரிடமும் சொன்னேன். மனிதர் கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினார். ஆஸ்பத்திரியில் அத்தையின் அழுத்தத்தைப் பார்த்த டாக்டர் பதறிப்போனார். இப்படித் திடீரென்று நிறுத்தினால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிடும் என்று அத்தையைக் கண்டித்தார். மாத்திரைகள் எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், வீட்டுக்குப் பின்னால் சாக்கடையில் கொட்டிவிட்டது என்று அத்தை சந்தையில் பழகிய தன் பசார் மலாயில் சொன்னார். வயதானவர்களிடம் மருந்தைக் கொடுத்து வைக்காதே, இனி நீதான் பொறுப்பாக எடுத்து வைத்துக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். அதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது.

அத்தையை இரண்டு நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பஸ்ஸில் நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். பஸ் பாதி வழி தாண்டியது. பிறகு அத்தை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன் புள்ள. எனக்கு அந்த முடி வேணாம்தான். நீ கேக்காம எடுத்த, அதான்."

நான் அழுதேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறோம் என்பதால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு மலாய்க்கார அம்மா எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

மாதம் ஒன்று கழித்து தெமியாங் டாக்டரிடம் போனோம். அத்தையும் வருவேன் என்று அடம்பிடித்து வந்தார். சீனப் பெண்மணி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு விளக்கைப் பிடித்து என் தலையை ஒரு வயலைப் பார்ப்பது போலப் பார்த்தார். ரத்தம் எடுத்துச் சோதித்ததில் ரத்தசோகையும் இருந்தது, அதற்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாயா என்று கேட்டார். சின்னவளுக்கு நான்கு வயது. பிறகுதான் தண்ணி மருந்தைப் பற்றிப் பேசினார். மாத்திரையாக விழுங்கினால் இதயம், கால், கன்னம் என்று உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் தலைக்கு வரும். பூசினால் பெரும்பாலும் பூசிய இடத்தோடு நின்றுவிடும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. தலை காய்ந்திருக்க வேண்டும். முடியில் இல்லை, தோலில் படவேண்டும். பூசிய கையைக் கழுவ வேண்டும், நெற்றியில் வழியவிடக் கூடாது. நான்கு மாதமாவது ஆகும். இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியாகச் சொன்னதைத்தான் நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. முதலில் கொஞ்சம் அதிகமாகக் கொட்டும். நிறுத்தினால் முளைத்ததெல்லாம் போய்விடும்.

உச்சந்தலையை அவரவர் பார்க்க முடியாது என்பது இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அத்தைதான் பூசிவிட்டார். பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் முக்காலியில் என்னை உட்கார வைத்து, சீப்பின் வாலால் வகிடு பிரித்து, கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு சொட்டாக விட்டு விரலால் தேய்ப்பார். சாராய வாசனை வரும். குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று சொல்லப்போகிறார்கள் என்று பயந்தேன். கர்ப்பம் என்று சொன்னவர்கள்தானே, ஒன்று பொய்த்தால் இன்னொன்று வேண்டாமா?

தலைக்கு மருந்து பூசி முடித்ததும் அத்தை கையைக் கழுவிவிட்டு வந்து அதே முக்காலியில் உட்காருவார். நான் அவர் கன்னத்தில் சோப்பு நுரை தடவி, புது பிளேடால் மெதுவாக மழிப்பேன். டாக்டர் இன்னும் அவருடைய மாத்திரையை மாற்றவில்லை. ஒரே மருந்து. ஒரு தலையில் வளர்ப்பதற்கும் இன்னொரு கன்னத்தில் வழிப்பதற்குமாக எங்கள் காலைப்பொழுது போயிற்று. சவரம் செய்யும்போது பேசக் கூடாது என்று நான் விதி வைத்தேன். பத்து வருஷத்தில் அத்தை தொடர்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தது அப்போதுதான்.

மூன்றாவது வாரம் கொட்ட ஆரம்பித்தது. முன்பு கொட்டியதெல்லாம் ஒத்திகை. குளித்தால் தண்ணீர் போகிற ஓட்டை அடைத்துக்கொண்டது. தலையணை, சாப்பாட்டுத் தட்டு, பிள்ளைகளின் நோட்டு எல்லாவற்றிலும் என் முடி. டவுன் மருந்து இப்படித்தான், வேரோடு பிடுங்கிவிடும் என்று வெங்காயக்காரி சொல்லிவிட்டுப் போனாள். புட்டியைத் தூக்கி எறியப் போனேன். அத்தை கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த டாக்டரம்மா மொதல்ல கொட்டும்னு சொன்னாங்கல்ல. நீதான் காதுல வாங்கல, நான் வாங்கினேன்."

டாக்டர் மலாய் மொழியில் சொன்னதை அத்தை கேட்டிருக்கிறார். இரண்டு மொழி படித்த நான் கேட்கவில்லை. தொடர்ந்தோம். தலை அரித்தது. தோளில் வெள்ளையாகச் செதில் கொட்டியது. சாக்பீஸ் தூள் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஆசிரியை வேலையில் இப்படி ஒரு சௌகரியம் உண்டு.

ஐந்தாவது மாதம் ஒருநாள் அத்தையின் விரல் நடுவில் நின்றது. என்ன என்று கேட்டேன். என் விரலைப் பிடித்து உச்சியில் வைத்தார். புதிதாகப் பிறந்த குழந்தையின் தலை போல மெத்தென்று ஏதோ பட்டது. கண்ணாடியில் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விரலுக்குத் தெரிந்தது. ஒரு வருஷத்தில் கண்ணுக்கும் தெரிந்தது. ரோடு ஒற்றையடிப் பாதையானது. இடுப்பைத் தொடுகிற பருமனான பின்னல் திரும்பி வரவில்லை. வரும் என்று அந்தச் சீன டாக்டரும் சொல்லவில்லை. என் கணவர் மட்டும் ஒருநாள் என்னை உற்றுப் பார்த்து, கண்ணாடி மாற்றினாயா என்று கேட்டார். நான் கண்ணாடியே போடுவதில்லை.

டிரஸ்ஸரும் ரகசியமாக ஒரு புட்டி வாங்கியிருக்கிறார். ஓய்வு பெறுகிற வாரத்தில் அவரே என்னிடம் சொன்னார். இருபது வருஷத்துக்கு முன் போன முடி திரும்பி வரவில்லை, அரிப்பு மட்டும் வந்ததாம். உமக்கு முளைச்சதே, அது போதும் என்று சொல்லிவிட்டு, காதோரத்துக் கொத்தைத் தடவி விட்டுக்கொண்டார்.

இரண்டாவது வருஷம் அத்தையின் மாத்திரையை மாற்றினார்கள். நான்கைந்து மாதத்தில் கன்னத்து முடி உதிர்ந்து, பழைய முகம் வந்தது. அவர் காலையில் முக்காலியில் உட்காரவேண்டிய வேலை முடிந்தது. ஆனாலும் எனக்குப் பூசிவிடுவதை நிறுத்தவில்லை. அப்படியே மூன்று வருஷம் ஓடியது.

பிறகு என் நாத்தனாருக்குப் பிரசவம் என்று அத்தை சிரம்பானை அடுத்த ராசா என்ற ஊரில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். குழந்தை குறைமாதம், ஒரு வருஷம் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அவர் மாத்திரையை மட்டும் மாதாமாதம் நான் எண்ணிக் கட்டி அனுப்பினேன். மருந்து பூசுகிற பொறுப்பு என் கணவருக்கு வந்தது. எஞ்சினுக்கு ஆயில் ஊற்றிப் பழகிய கை. சொட்டாவது ஒன்றாவது, குழாயைக் கவிழ்த்து நடுமண்டையில் ஊற்றிவிடுவார். அது நெற்றி வழியாக இறங்கி வரும். ஒரு மாதத்தில் என் நெற்றியின் இரண்டு ஓரத்திலும் பூனை மயிர் முளைத்தது. நானே பூசிப் பார்த்தேன், காதில் விழுந்தது. வாரத்தில் நான்கு நாளானது, இரண்டு நாளானது, ஒரு விடுமுறையோடு நின்றே போனது.

நின்றதும் டாக்டர் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்தது. மூன்று வருஷமாக ஒவ்வொன்றாக வந்தது ஐந்து மாதத்தில் மொத்தமாகப் போனது. நெற்றி ஓரத்தில் முளைத்ததும் கூடவே போனது, அந்த ஒரு நன்மை.

அத்தை திரும்பி வந்த அன்று பையைக் கீழே வைப்பதற்கு முன் என் தலையைப் பார்த்தார். மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்டார். மறுபடி கொட்டும், அரிக்கும், ஐந்து மாதம் கழித்து விரலுக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தேன். எனக்கு அலுப்பாக இருந்தது. வேண்டாம் என்றேன். கட்டாயப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன், அவர் சரி என்றார்.

அந்தச் சனிக்கிழமை ராசாவில் ஒரு சீனப் பெண் நடத்திய முடிதிருத்தும் கடைக்குப் போய், எலிவாலை வெட்டித் தோளோடு நிறுத்தச் சொன்னேன். எங்கள் தோட்டத்தில் அதுவரை எந்தத் தமிழ் ஆசிரியையும் அப்படிச் செய்ததில்லை. அத்தை மடியில் என் கைப்பையை வைத்துக்கொண்டு சுவரோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தரையில் விழுந்திருந்த பின்னலை அந்தப் பெண் பெருக்கித் தள்ளியபோது அத்தை எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா புள்ள அத்தன பாடு."

தலை லேசாக இருந்தது. கழுத்தின் பின்னால் காற்று பட்டது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம் அதைப் பற்றியே பேசினார்கள். அதற்குள் தலைமையாசிரியர் பழைய கார் ஒன்று வாங்கினார், அது வாசலிலேயே நின்றுவிட்டது, பேச்சு அந்தப் பக்கம் போயிற்று. அத்தையின் மாத்திரையை எண்ணி எடுத்துக் கொடுக்கிற வேலை மட்டும் கடைசிவரை என்னிடமே இருந்தது. ஒரு நாளும் குறையவில்லை.